டப்பாவில் ஒரு வால்வு குறைகிறது

லோகுவையா தேடி வந்தீங்க? அப்படீன்னா தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க. அவன் இங்க இல்லீங்க. ரெண்டு மாசமா இல்லை, இனிமேலும் இருக்க மாட்டான். அவன் பேரைச் சொல்லிக்கிட்டு யாரும் இந்த ஒர்க்‌ஷாப்புக்குள்ள வரக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருப்பேன். பெயிண்டர்தான் அப்படியெல்லாம் எழுத மாட்டேன்னுட்டான்.

இருங்க இருங்க, உடனே வண்டியை எடுக்காதீங்க. இந்த வெயில்ல வந்திருக்கீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. தண்ணி கேன்ல இருக்குது, டம்ளர் கழுவினதுதான். யாரு அனுப்பிச்சாங்க உங்களை? பல் டாக்டரம்மாவா? அதானே பாத்தேன். வண்டியைப் பாத்ததுமே நினைச்சேன். அவங்களுதும் இதே மாதிரிதான். ரெண்டே கதவு, தரையோட தரையா உக்காந்துக்கிட்டு இருக்கும், உள்ள ஏறணும்னா பாதி படுத்துத்தான் ஏறணும். அவங்களுது மஞ்சள், உங்களுது வெள்ளை.

என்ன சொன்னாங்க டாக்டரம்மா? நாச்சிமுத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போங்க, ஆனா லோகநாதன்கிட்ட மட்டும் குடுங்கன்னாங்களா? மட்டுமா? மட்டும்னு ஒரு வார்த்தை போட்டாங்களா? பாத்தீங்களா! வெளிய போர்டுல இருக்கறது யாரு பேருங்க? என்ற பேரு. முப்பத்தோரு வருஷமா, சிங்காநல்லூரை ஒட்டி இருக்கற இந்த ராமநாதபுரத்துல இந்தப் பேரைச் சொன்னா ஆட்டோக்காரன் நேராக் கொண்டாந்து இறக்கி விடுவான். லோகு யாருங்க? என்ற சம்சாரத்தோட தம்பி. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால, ரேடியோ ரிப்பேர்க் கடையில வேலை போயி நின்னவனை, வயரிங் வேலையாவது பாருடான்னு நான் கூட்டிட்டு வந்தேன். எஞ்சின் வேலை நான், வயர் வேலை அவன். அப்படித்தான் ஓடுச்சு. இன்னைக்கு அவன்கிட்ட மட்டும் குடுக்கணுமாம்.

உங்களுக்கு நேரமிருக்குதுங்களா? இருந்தா கேட்டுட்டுப் போங்க. டாக்டரம்மா ஒரு பக்கத்தைச் சொல்லியிருப்பாங்க. இன்னொரு பக்கம் இருக்குது.

சித்திரை மாசம் அது. டாக்டரம்மா வண்டியைக் கொண்டாந்து விட்டாங்க. அவங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியுமில்ல, நாள் பூரா அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொல்லிட்டு, ஞாயித்துக்கிழமையானா ரேஸ் ட்ராக்ல போயி வண்டியைப் பிச்சு ஓட்டறவங்க. நாப்பது வயசுல இதென்ன ஆசைன்னு நான் கேட்டதில்லை. கேட்டா எனக்குத்தான் பல்லு வலிக்கும். வந்தவங்க, ‘அண்ணா, அவினாசி ரோட்டுல ஒரு மணி நேரம் ட்ராஃபிக்ல நின்னேன், சூடு காட்டற ஊசி கொஞ்சம் மேல போச்சு, பாத்துருங்க’ன்னாங்க.

நம்ம கிட்ட வந்து சூடுன்னு சொன்னா நான் மொதல்ல என்ன பண்ணுவேன்? இந்த ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. வால்வைக் கழட்டுவேன். தெர்மோஸ்டாட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. உள்ளங்கையில அடங்கிரும். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல, குழாய் வாயில உக்காந்திருக்கும். எஞ்சின் தண்ணி நல்லா சூடாகற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் போக விடாது, சூடானப்புறம்தான் வழி விடும். பனி பெய்யற ஊர்க்காரன் கண்டுபிடிச்சது. அவனுக்கு எஞ்சினைச் சூடாக்கவே பாதி நாள் போயிரும். நம்மூர்ல எதுக்குங்க? சித்திரை வெயில்ல தார் ரோடே உருகுது, அதுல எஞ்சினைச் சூடாக்கறதுக்கு ஒரு வால்வா? கழட்டி எறிஞ்சா தண்ணி எந்நேரமும் சுத்திக்கிட்டே இருக்கும், எஞ்சின் ஜில்லுனு ஓடும்.

எறிய மாட்டேன். அந்தப் பிஸ்கட் டப்பா தெரியுதுங்களா, சாமி படத்துக்குக் கீழ? அதுல போட்டு வைப்பேன். ஒவ்வொண்ணுலயும் நூல்ல ஒரு அட்டை கட்டி, வண்டி யாருதுன்னு எழுதிருவேன். ஏன்னா நாளைக்கு யாரும் வந்து நாச்சிமுத்து என் வண்டிச் சாமானைத் திருடிட்டான்னு சொல்லக் கூடாது பாருங்க. இருநூறுக்கு மேல இருக்குது. அம்பாஸடர் காலத்துல இருந்து சேர்த்தது.

இதை நான் சும்மா பழகலீங்க. அனுபவிச்சுப் பழகினேன். எனக்கு இருபத்து மூணு வயசு. வேற ஒருத்தர் ஒர்க்‌ஷாப்புல வேலை. ஒரு டாக்ஸிக்கு எஞ்சின் வேலை பாத்து நான்தான் மூடினேன். ஊட்டிக்குப் போற வண்டி. பர்லியாறு தாண்டறப்போ வால்வு திறக்காம இறுகிருச்சு. தண்ணி கொதிச்சு எஞ்சின் பிடிச்சுக்கிச்சு. உள்ள கல்யாண வீட்டுக்காரங்க, பொண்ணும் மாப்பிள்ளையும். மலையில நடுரோட்டுல நிக்கறாங்க. முதலாளி என்னை வண்டியில ஏத்திக்கிட்டு அங்க போனாரு. போயி இறங்கினதும் அத்தனை பேர் முன்னாலயும் கன்னத்துல ஒண்ணு விட்டாரு. தப்பு என்னுதில்லீங்க, வால்வுது. அதை யாரு கேட்டாங்க? அன்னைக்கு முடிவு பண்ணினேன், நான் தொடற வண்டியில இந்தச் சனியன் இருக்கக் கூடாதுன்னு.

அதனால டாக்டரம்மா வண்டியிலயும் கழட்டிட்டேன். ஓட்டிக் காமிச்சேன். ஊசி அடியிலயே கெடந்துச்சு, தூங்கற பூனை மாதிரி. ‘பாருங்கம்மா, எப்படி ஓடுது’ன்னேன். அவங்களும் சந்தோசமாப் போனாங்க.

பத்து நாள்தான். திரும்பி வந்தாங்க. ‘அண்ணா, வண்டி பெட்ரோலைக் குடிக்குது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் போகுது. பின்னால கரும்புகை. ட்ராக்ல ஆக்ஸிலேட்டரை அழுத்தினா இருமுது’ன்னாங்க. பிளக்கைக் கழட்டிப் பாத்தா கன்னங்கரேல்னு, பெட்ரோல்ல நனைஞ்சு கெடக்குது. துடைச்சு மாட்டினேன். நாலு நாள் கழிச்சு மறுபடி வந்தாங்க. மறுபடி துடைச்சேன். ஒரு பொம்பளை தன் வேலையை விட்டுப் போட்டு வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து நின்னா எனக்கு எப்படி இருக்கும்? இத்தனைக்கும் அவங்க ஒரு வார்த்தை கோபமாப் பேசலை. கோபமாப் பேசினாக்கூடப் பரவாயில்லைங்க.

எஞ்சின்ல ஒரு குறையும் இல்லை. நான் பாத்த எஞ்சின். அப்ப என்ன? வயரிங். வயரிங் யாரு வேலை? லோகு வேலை. கூப்பிட்டேன். அவன் கரண்ட் பாக்கற மீட்டரை எடுத்துக்கிட்டு அரை நாள் வண்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தான். வெளிய வந்து சொன்னான்.

‘மாமா, இந்த வண்டி தண்ணியில ஒரு சென்சார் நிக்குது. தண்ணி எவ்வளவு சூடுன்னு அது கம்ப்யூட்டருக்குச் சொல்லுது. அதைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுது. எஞ்சின் ஆறிக் கெடந்தா எச்சா விடும், சூடாயிருச்சுன்னா குறைச்சுக்கும். இப்பத் தண்ணி சூடே ஆகறதில்லை. அதனால வண்டி இப்பத்தான் ஸ்டார்ட் ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டு கொட்டிக்கிட்டே இருக்குது. பழைய வண்டியில, ஸ்டார்ட்டுக்கு எச்சாப் பெட்ரோல் விடற சோக்கை இழுத்து வச்சுக்கிட்டு நாள் பூரா ஓட்டினா எப்படி இருக்கும், அதேதான். வால்வைத் திரும்ப மாட்டிட்டாப் போதும் மாமா.’

எங்க வச்சுச் சொல்றான் தெரியுங்களா? இங்க. டாக்டரம்மா அந்த ஸ்டூல்ல, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. பக்கத்துல டிங்கர் வேலை பாக்கற ரெண்டு பேர். வாசல்ல டீக்காரர். இத்தனை பேர் முன்னால, அக்கா புருசனைப் பாத்து, நீ பண்ணினது தப்புங்கறான். தனியாக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா? தனியாச் சொல்லியிருந்தா மட்டும் நான் கேட்டிருப்பேனான்னு கேக்கறீங்களா? அது வேற விசயங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல.

நான் சொன்னேன், ‘முப்பது வருஷமா இருநூறு வண்டியில கழட்டியிருக்கேன், எந்த வண்டிடா பெட்ரோல் குடிச்சுது?’ன்னு. ‘அதெல்லாம் கார்புரேட்டர் வண்டி மாமா, சோக்கு நம்ம கையில இருந்துச்சு. இதுல கம்ப்யூட்டர் கையில இருக்குது’ன்னான். பதில் தயாரா வச்சிருக்கான் பாருங்க. எனக்கு வந்த கோபத்துக்கு, ‘சென்சார்தான் கெட்டுப் போச்சு, புதுசு வாங்கி மாட்டு’ன்னுட்டேன். அவன் ஒண்ணும் பேசாம வாங்கிட்டு வந்து மாட்டினான். ஒரு பிரயோஜனமும் இல்லை. அப்பவாவது என்னைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா நானும் நாலு திட்டு திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். சொல்லலை. பழைய சென்சாரைத் துடைச்சுப் பத்திரமா வச்சான். அந்த அமைதி இருக்குது பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். ஆமாங்க, வயர் வேலை எனக்கும் தெரியும். தண்ணி ஆறிக் கெடக்குதுன்னு சென்சார் சொல்றதாலதானே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டுது? சூடா இருக்குதுன்னு சொல்ல வச்சுட்டா? சென்சாருக்குப் போற ரெண்டு வயருக்கும் குறுக்க ஒரு சின்ன ரெசிஸ்டர். ரேடியோ சாமான் விக்கற கடையில அரிசி மணி சைஸ்ல கிடைக்கும். அதைப் போட்டா கம்ப்யூட்டர் ஏமாந்துரும். லோகுகிட்டச் சொன்னேன். முடியாதுன்னுட்டான். முப்பது வருஷத்துல என்ற முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொன்ன மொத ஆளு அவன்.

‘மாமா, சென்சார் பொய் சொல்லலை. உள்ளதைத்தான் சொல்லுது. தண்ணி நெசமாவே சூடாகலை. நாமதான் அதைப் பொய் சொல்ல வைக்கப் போறோம்’னான்.

பேச்சைப் பாத்தீங்களா! மேடையில ஏத்தி விடலாம். நானே சால்டரிங் வச்சேன். வச்சதும் கரும்புகை நின்னுச்சுங்க. நெசமாச் சொல்றேன், நின்னுச்சு. இருமல் போச்சு. டாக்டரம்மாகிட்ட ஃபோன் பண்ணி, ‘வியாழக்கிழமை ட்ரையலுக்கு வண்டி ரெடி, ஞாயித்துக்கிழமை போட்டிக்கும் ரெடி’ன்னேன். என்ன போட்டின்னா, வண்டிங்க ஒவ்வொண்ணாத் தனித்தனியா ஓடும். யாரு சீக்கிரம் சுத்தி வராங்கன்னு நேரம் பாப்பாங்க. டாக்டரம்மா மூணு வருஷமா அதுக்குத்தான் உயிரை விடறாங்க.

வியாழக்கிழமை காலையில ஏழு மணி. ட்ராக்ல அத்தனை பேரும் நிக்கறாங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலை. ராத்திரி பூரா நின்ன வண்டி, எஞ்சின் ஆறிக் கெடக்குது. சாவியைத் திருப்பினா உறுமுது, உறுமிட்டு செத்துப் போகுது. எஞ்சின் சூடா இருக்குதுன்னு கம்ப்யூட்டர் நம்பிருச்சாம், ஆறின எஞ்சினுக்கு வேணுங்கற பெட்ரோலை விடலையாம். இதை லோகு சொல்லலை, நானே புரிஞ்சுக்கிட்டேன். அவன் சொல்லாமலே எனக்குக் கேட்டுச்சு. வண்டியைத் தள்ளினோம். அந்த மஞ்சள் வண்டியை, ஹெல்மெட் போட்டுக்கிட்டு டாக்டரம்மா உள்ள உக்காந்திருக்க, நானும் லோகுவும் பின்னால நின்னு தள்ளறோம். சுத்தி நிக்கற பசங்க செல்ஃபோன்ல படம் பிடிக்கறானுங்க. அதைப் பாத்துப் போட்டு சிங்காநல்லூர்ல இருக்கற என்ற தங்கச்சி மகன் ஃபோன் பண்றான், மாமா வைரலாயிட்டீங்கன்னு.

திரும்பி வர்ற வழியில நான் லோகுவை என்ன திட்டினேன்னு எனக்கே ஞாபகமில்லை. உன் கை பட்ட வயரு, உன் வாய் பட்ட வேலைன்னு என்னென்னமோ. அவன் ஜன்னல் பக்கமாத் திரும்பி உக்காந்திருந்தான்.

சனிக்கிழமை அன்னூர்ல எங்க பங்காளி வீட்டுக் காதுகுத்து. போகாம இருக்க முடியாது, நான்தான் பெரியவன். காலையில போயிட்டு சாயங்காலம் நாலு மணிக்கு வாரேன், ஒர்க்‌ஷாப் தரை பூரா தண்ணி. பச்சைக் கலர்த் தண்ணி, ரேடியேட்டர் தண்ணி. லோகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கிட்டு இருக்கான். ‘என்னடா பண்ணினே?’ன்னேன். ‘வயர் ஜாயிண்ட்டைச் சரி பண்ணினேன் மாமா’ன்னான். வயர் ஜாயிண்ட்டுக்கு எதுக்குடா தண்ணின்னு கேட்டிருக்கணும். கேக்கலை. ‘ஈரத்தைத் துடை, யாராச்சும் வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?’ன்னு கத்திட்டு உள்ள போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை வண்டி ஓடுச்சுங்க. அதை நான் மறைக்கலை. சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆச்சு. புகை இல்லை, இருமல் இல்லை, வளைவுல போயி வெளிய வர்றப்போ அம்பு மாதிரி வருது. ஆனா எனக்கு மட்டும் நிம்மதியில்லை. ஏன்னா ஓடறதுக்கு முன்னால ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன், ஊசி அடியில கெடக்கலை. ஏறி நடுவுல நிக்குது. நட்ட நடுவுல. அங்கயே நிக்குது, அசையலை. ‘சூடாகுதுடா!’ன்னேன். ‘அது அங்கதான் நிக்கணும் மாமா’ன்னான் லோகு.

டாக்டரம்மா ரெண்டாவதா வந்தாங்க. மைக்ல பேர் சொன்னாங்க. கையில கோப்பையோட நேரா எங்ககிட்ட வந்தாங்க. சுத்தி ஒரு முப்பது பேர் இருப்பாங்க, எல்லாம் இந்த மாதிரி வண்டி வச்சிருக்கறவங்க. அதுல பாதிப் பேர் வியாழக்கிழமை நாங்க தள்ளினதைப் பாத்தவங்க. டாக்டரம்மா கேட்டாங்க, ‘கடைசில என்னதான் கோளாறு? வால்வைக் கழட்டினதுதானா?’

என்னைப் பாத்துக் கேட்டாங்க. நான் குனிஞ்சு டயரைப் பாத்தேன். லோகு என்னை ஒரு தடவை பாத்தான். பாத்துட்டு அவங்ககிட்டச் சொன்னான், ‘இல்லீங்க டாக்டர். மாமா வேலையில ஒரு குறையும் இல்லை. என் தப்புதான். வயர் ஜாயிண்ட் ஒண்ணு லூசா இருந்துச்சு, நான் கவனிக்கலை.’

கேட்டீங்களா? அவன் வாயாலயே சொன்னான். முப்பது பேர் சாட்சி. நான் என்ன, வேண்டாம்னு சொல்லணுமா? இத்தனை நாளா வால்வு வால்வுன்னு என்னை ஊர் முன்னால அவமானப்படுத்திட்டு, கடைசில பாத்தா இவன் ஜாயிண்ட்டாம்! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. அங்கயே பிடிச்சேன். ‘உன்னால இந்தம்மா ஒரு மாசம் அலைஞ்சாங்க, உன்னால நான் வண்டியைத் தள்ளினேன், பத்தொம்பது வருஷம் சோறு போட்டவன் தலையில நெருப்பை வச்சியேடா, இனிமே என் ஒர்க்‌ஷாப் வாசப்படியை மிதிக்காதே’ன்னேன். இன்னும் சொன்னேன். டாக்டரம்மா, ‘அண்ணா, போதும்ணா’ன்னு கையைப் பிடிக்கறாங்க, நான் நிறுத்தலை.

அவன் பாக்கெட்டுல இருந்த ஒர்க்‌ஷாப் சாவியை எடுத்து பானெட் மேல வச்சான். வச்சுட்டு, ‘மாமா, வண்டி சூடா இருக்குது. ரேடியேட்டர் மூடியை இப்பத் திறந்துறாதீங்க’ன்னான். எனக்குச் சொல்றான்! மூடி திறக்க எனக்குச் சொல்லிக் குடுக்கறான்! சொல்லிட்டு மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போயிட்டான், பஸ் ஏற.

அவன் போனப்புறம் ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோசைத் தொட்டுப் பாத்தேன். கை சுட்டுச்சு. நான் கழட்டின வண்டியில அந்த ஹோஸ் அப்படிச் சுடாது. ஏன் சுட்டுச்சுன்னு அப்ப நான் யோசிக்கலை. கூட்டம், மைக் சத்தம், அதுல யாருங்க யோசிக்கறது?

வீட்டுல என்ற சம்சாரம் தெய்வானை அன்னைக்கு நிறுத்தினவதான் பேச்சை. தம்பிக்காகப் பேச மாட்டேங்கறா. ஆனா பழிவாங்கறா. அங்க பாருங்க, பெஞ்சு மேல கேரியர். எத்தனை அடுக்கு? அஞ்சு. ரெண்டு பேருக்குச் சோறு. ரெண்டு மாசமா, தினமும், ரெண்டு பேருக்கு அனுப்பறா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், ஒருத்தனுக்குப் போதும்னு. காதுல வாங்கறதே இல்லை. அதுலயும் தினமும் கொள்ளுப் பருப்பு. எனக்குக் கொள்ளு ஆகாதுங்க, மூல உபத்திரவம், டாக்டரே வேண்டாம்னுட்டாரு. கொள்ளுப் பருப்பு அவனுக்குத்தான் உயிரு. அவனுக்குப் பிடிச்சதை எனக்கு வச்சு அனுப்பறா. மிச்சம் பண்ணி எடுத்துட்டுப் போனா அதைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம கழுவறா. அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி.

இதெல்லாம் கூட நான் பொறுத்துக்குவேங்க. இன்னும் ஒண்ணு இருக்குது, அதைத்தான் பொறுக்க முடியலை. அவன் திருடன்.

ஆமாங்க. திருடன்தான். இருங்க, காட்டறேன். இந்தா, டப்பா. மூடி கொஞ்சம் இறுக்கமா இருக்கும். பாருங்க, எல்லாத்துலயும் அட்டை கட்டியிருக்குதா? இது ரத்தினபுரி மாவுமில்காரர் வண்டி. இது போத்தனூர் வாத்தியாருது. இது ஒரு கட்சிக்காரருது, பேர் வேண்டாம். இப்ப இதைப் பாருங்க. இந்த அட்டை. என்ன எழுதியிருக்குது? டாக்டரம்மா, மஞ்சள். என்ற கையெழுத்து. நூல் இருக்குது, அட்டை இருக்குது. வால்வு எங்க? நூலைப் பிச்சுக்கூட எடுக்கலை, முடிச்சைப் பதனமா அவுத்து எடுத்திருக்கான். அந்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த வாரம் பாத்தேன். இந்த ஒர்க்‌ஷாப்புல டப்பாவைத் தொடற ஆளு ரெண்டே பேரு, நானும் அவனும். நான் எடுக்கலை.

பழைய இரும்புக்குப் போட்டாக்கூடப் பத்து ரூவா பெறாது. அதை எதுக்குங்க எடுத்தான்?

என்ன பாக்கறீங்க? ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. இல்ல, வேண்டாம், சொல்லாதீங்க. டாக்டரம்மாவும் இப்படித்தான் போன வாரம் வந்து இந்த அட்டையைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம நின்னாங்க. எல்லாருக்கும் என்ன வந்துச்சு? வாயைத் திறக்கச் சொல்றவங்களே வாயை மூடிக்கிட்டா எப்படி?

டப்பாவை இப்படிக் குடுங்க. போதும் பாத்தது.

எண்ணிப் பாக்கணுங்களா? எண்ண வேண்டாங்க. ரெண்டு மாசமா இதுல புதுசா ஒண்ணும் சேரலை. வண்டி வராம இல்லை, சூடுன்னு சொல்லிக்கிட்டு ஏழெட்டு வண்டி வந்துச்சு. கழட்டலை. தோள்பட்டையில ஒரு பிடிப்பு, ஸ்பேனரைத் திருப்பினா வலிக்குது. வேற ஒண்ணுமில்லை. ஃபேன் ஓடுதான்னு பாத்து, ரேடியேட்டரை அலசி அனுப்பிச்சுட்டேன். அதுக்கே சரியாயிருது, என்ன பண்றது?

கிளம்பறீங்களா? உங்க வண்டியில என்ன கோளாறு, அதைச் சொல்லவே இல்லையே? ஹெட்லைட்டா? அட, அதுக்கா இவ்வளவு தூரம்! ஊசி எங்க நிக்குது? இருங்க, சாவியைப் போடுங்க, நானே பாக்கறேன். நடுவுலதான் நிக்குது. சரி. அங்கயே நிக்கட்டும். எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் எஞ்சின்ல அந்த வால்வை மட்டும் யாரையும் தொட விடாதீங்க. எவனாவது வெயில் ஊரு, முப்பது வருஷ அனுபவம்னு வருவான். விடாதீங்க.

லோகு சிங்காநல்லூர்ல இருக்கான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்து, பேட்டரிக் கடை, அதுக்குப் பக்கத்துல ஒரு ஒத்தைக் கதவுக் கடை. போர்டு இருக்காது. பச்சைக் கலர் கதவு, பாதிதான் திறந்திருக்கும். நான் போனதில்லை. அந்தப் பக்கமா ரெண்டு மூணு தடவை பஸ்ல போயிருக்கேன், அவ்வளவுதான்.

இந்த மீட்டரைக் கொஞ்சம் அவன்கிட்டக் குடுத்துருவீங்களா? அன்னைக்கு வச்சுட்டுப் போனது, இங்க இடத்தை அடைச்சுக்கிட்டு கெடக்குது. இல்ல, வேண்டாம். குடுங்க இப்படி. அவன் பொருளை அவனே வந்து எடுத்துக்கட்டும், நான் என்ன கூரியரா? எடுத்த வால்வை என்ன பண்ணினேன்னும் என்ற முகத்தைப் பாத்து அவனே சொல்லட்டும். சொல்லியே ஆகணும்.

ஒரு மணிக்குள்ள வந்தான்னா சோறு சூடா இருக்கும். அந்தக் கொள்ளுப் பருப்பை இன்னொரு நாளைக்கு என்னால திங்க முடியாதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க. அவங்கக்கா கூப்பிட்டாங்கன்னு சொல்லுங்க.